செங்கல்பட்டுச் சீமை: ஏரியும் காணியும்

"ஒரகடம் பக்கம் மனை வாங்கிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. சென்னை வளர்வதற்கு முன்னால் இங்கே வெறும் வயல்காடுதானே இருந்தது? இந்தப் பக்கத்துக்கென்று தனியாக வரலாறு ஏதாவது உண்டா? தாய்ப்பத்திரத்தில் ஏரி உள்வாய், மேய்க்கால், நத்தம் என்றெல்லாம் வருகிறது, அதெல்லாம் என்ன?" இதுதான் கேள்வி.

உண்டு, நிறையவே உண்டு. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், அந்த வயல்காடுதான் இந்தப் பக்கத்தின் வரலாறு. என் தாத்தா மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பரம்பரைக் கர்ணம் பதவியை 1980ல் அரசு ஒழித்தபோது கட்டுக்கட்டாகக் கணக்குகளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சர்வே எண்ணைச் சொன்னால் அந்த வயலுக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர் வரும் என்று சொல்வார். அவரிடம் கேட்டது பாதி, அப்புறம் படித்தது பாதி. அதை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சென்னையின் ஓரத்தில் செங்கல்பட்டு இருக்கிறது என்று இன்றைக்குச் சொல்கிறோம். 1639ல் இந்தப் பகுதியை ஆண்ட நாயக்கர்களான தாமர்ல சகோதரர்கள் கடற்கரையில் ஒரு மணல் துண்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தபோது, அந்தத் துண்டுதான் இந்தச் சீமையின் ஓரத்தில் கிடந்தது. காஞ்சிபுரம் அதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே பல்லவர் தலைநகரம். தொண்டைமண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள், கோட்டத்துக்குள் நாடுகள், நாட்டுக்குள் ஊர்கள். அதில் புலியூர்க் கோட்டம் என்ற பெயர் கோடம்பாக்கத்துக்குப் பக்கத்தில் புலியூர் என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் குன்றத்தூர்க்காரர். நகரத்துக்குள் இருக்கும் நுங்கம்பாக்கம், சேப்பாக்கம் முதல் வெளியே இருக்கும் செம்பரம்பாக்கம், அச்சிறுபாக்கம் வரை பாக்கம் பாக்கமாக வருகிறதே, அது ஒரே சீமையின் ஊர்ப் பெயர் வழக்கம். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று வரும் தாங்கல் என்றால் சின்ன ஏரி. பெயரைப் படித்தாலே தண்ணீர் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

இந்தப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. பாலாற்றில் சில வாரம் தண்ணீர் ஓடினால் பெரிய விஷயம், மற்ற நாளில் மணலுக்கு அடியில் ஓடும் நீரை ஊற்றுக்கால் வெட்டித்தான் எடுத்தார்கள். மழை வருடத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைக்காவிட்டால் தை மாதத்தில் குடிக்கவே தண்ணீர் இருக்காது. அதனால்தான் நிலம் லேசாகச் சரியும் இடமெல்லாம் குறுக்கே பிறை போல ஒரு கரை போட்டார்கள். மேட்டுப் பக்கம் வரத்துக்கால், கரையில் மதகு, ஏரி நிரம்பியதும் மிச்சம் வழிய ஓரத்தில் கல் கட்டிய கலங்கல். அந்தக் கலங்கலில் வழியும் தண்ணீர் வீணாகப் போகாது, அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகப் போகும். அது நிரம்பினால் அதற்கு அடுத்தது. இப்படி ஆயிரக்கணக்கான ஏரிகள் ஒன்றோடு ஒன்று கோத்தபடி கிடந்தன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகப் பெயரும் அந்த ஏரித் தண்ணீரின் கணக்கில் வந்தவைதான். ஒரு வயலுக்குப் பின்னால் ஒரு மதகு, மதகுக்குப் பின்னால் ஒரு கரை, கரைக்குப் பின்னால் அதை வருடாவருடம் மண் போட்டு உயர்த்திய நூறு பேர் இருக்கிறார்கள். வெறும் வயல்காடு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பொறுக்காது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உத்திரமேரூருக்கு ஒரு தடவை போய் வாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919லும் 921லும் வெட்டியது, கோயில் சுவரில் அப்படியே இருக்கிறது. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஆனால் அந்தத் தேர்தல் எதற்கு என்று பார்த்தால் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வரும். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வரி கட்டும் நிலம், வேலி என்ற பழைய நில அளவில் காலாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. நிலம் இல்லாதவருக்கு அந்தச் சபையில் இடம் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பின்னால் வரும் கதைக்கு அது முக்கியம்.

விஜயநகர காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கல்பட்டு ஆனது என்பார்கள், செங்கழுநீர் பூத்த நீர்நிலைகள் நிறைந்த ஊர். அங்கே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டை வந்தது, ஏரியையும் சேற்றையும் அரணாக வைத்துக் கட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த அதை 1752ல் கிளைவ் பிடித்தான். இன்றைக்கு ரயில் அந்தக் கோட்டைக்குள் புகுந்து போகிறது, கொளவாய் ஏரியை ஜன்னலில் பார்க்கும் யாருக்கும் கோட்டைக்குள் போகிறோம் என்று தெரியாது.

1763ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வருமானத்தை எடுத்துக்கொள்ளும் மானியமாகக் கொடுத்தார். சண்டைக்குக் கம்பெனியிடம் பட்ட கடன்தான் காரணம். கம்பெனியும் உடனே தானே ஆளாமல் நவாபுக்கே குத்தகைக்கு விட்டு வருடப் பணம் வாங்கிக்கொண்டது. ஆனாலும் என்ன கிடைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதனால் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை வைத்து 2,000க்கும் மேற்பட்ட கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார்கள். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் தமிழில் எழுதிக் கொடுத்த மூலக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஊரில் எத்தனை வீடு, யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு.

எனக்கு அந்தக் கணக்கில் பிடித்த இடம் நெற்குவியல். களத்தில் நெல்லை அடித்துக் குவித்ததும் அரசுக்கும் உழவனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னாலேயே மரக்காலும் படியுமாக அளந்து எடுத்து வைப்பார்கள். கோயிலுக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு, தச்சன், கொல்லன், குயவன், நாவிதர், வண்ணார், தலையாரி, வெட்டியான், மதகு திறந்து மூடும் நீர்க்கட்டி, ஏரி மராமத்து. மேரை என்று இதற்குப் பெயர். அப்புறம்தான் அரசுக்கு மேல்வாரம், உழவனுக்குக் குடிவாரம். அதாவது சம்பளம் என்று ஒன்று தனியாக இல்லை, ஊரை நடத்தும் செலவு முழுக்கக் குவியலிலிருந்தே போனது. அந்தக் குவியலைக் கட்டிக்காத்த ஒழுங்கு இருந்தவரை ஏரிக்கும் ஆள் இருந்தது. வரி பணமாகி, மேரை சுருங்கி, மராமத்தைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று ஆனபோது ஏரி அநாதையானது. ஊரே சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து ஏன் தேய்ந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

1780ல் மைசூரிலிருந்து ஹைதர் அலி படையெடுத்து வந்தார். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை நொறுங்கியது. உதவிக்குப் போயிருக்க வேண்டிய கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாக மதராசுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் அந்த வெற்றியைப் பெரிய ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓவியத்தில் இல்லாதது ஊர்க்காரன் பட்ட பாடு. கம்பெனிப் படைக்கு நெல் கிடைக்கக்கூடாது என்று ஊர்களை எரித்தார்கள், மாடுகளை ஓட்டிப்போனார்கள், ஏரிக்கரைகள் உடைந்தன, பஞ்சம் வந்தது. ஜனம் மதராசுக்கு ஓடியது. அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத்தான் 1782ல் மணியக்காரர் சத்திரம் தொடங்கியது. நகரத்தை நோக்கி இந்தச் சீமையின் மக்கள் கூட்டமாக நடந்தது அன்றைக்குத்தான் முதலில் இவ்வளவு பெரிதாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாழான ஜாகீருக்கு 1794ல் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ், 1798 வரை இருந்தார். உடைந்த ஏரிகளைக் கட்டுவதில் முனைந்தவர், அதே சமயம் வரியையும் கறாராகப் பிழிந்தவர். எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றிச் சொல்லாத வீடு இல்லை. மதுராந்தகம் ஏரி அடிக்கடி உடைப்பெடுத்துக்கொண்டிருந்தது. கோயிலில் தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுங்கள் என்று ஊரார் கேட்டார்கள். இந்த மழையில் கரை நின்றால் கட்டித் தருகிறேன் என்றாராம். அடைமழை இரவில் குடையோடு கரைக்குப் போனவர், வில்லேந்திய இரண்டு பேர் கரையைக் காவல் காப்பதைப் பார்த்தாராம். கரை நின்றது. ஏரி காத்த ராமர் என்ற பெயர் அப்படி வந்தது. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் தாயார் சன்னதித் திருப்பணி கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையின் தர்மம் என்று கோயிலில் கல்லில் வெட்டியிருப்பதை நானே தடவிப் பார்த்திருக்கிறேன்.

அதே 1798ல் வேடந்தாங்கல்காரர்கள் அவரிடம் போனார்கள். சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவைகளைச் சுடுகிறார்கள், தடுக்க வேண்டும் என்று. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு எரு தனியாகப் போட வேண்டியதில்லை என்பது அந்த ஊர் அனுபவம். பறவைகளைக் காக்க ஊருக்கு உரிமை உண்டு என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இன்றைக்குச் சரணாலயம் என்கிறோம், அது ஓர் ஊர் தன் ஏரிக்காகக் கேட்டு வாங்கியது.

சரி, இப்போது காணிக்கு வருவோம். இந்தச் சீமையில் நிலம் தனித்தனி ஆளுக்குச் சொந்தம் என்பதைவிட, ஊருக்கு இத்தனை பங்கு என்று இருந்தது. காணியாட்சி என்பார்கள், கம்பெனிக் காகிதத்தில் மிராசு. சில ஊரில் பங்குக்கு உரிய வயலைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள், அது பசுங்கரை. நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. பங்குதாரர்கள் பெரும்பாலும் வேளாளர், பிராமணர். அவர்களுக்குக் கீழே குத்தகைக்கு உழும் பாயக்காரிகள், அதற்கும் கீழே சேற்றில் இறங்கி வேலை செய்த பண்ணையாள், படியாள். கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1810களில் இந்த மிராசு உரிமையைப் பற்றிக் கேள்வி பதிலாக விரிவாக எழுதினார். நடுவில் 1802ல் சீமையை மிட்டா என்ற சின்ன ஜமீன்களாகத் துண்டு போட்டு ஏலம் விட்டுப் பார்த்தார்கள், அது தோற்று, நிலம் வைத்திருப்பவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரிக்குப் போனார்கள். ஆனால் ஊரின் தரிசு நிலத்தில் முதல் உரிமை மிராசுதாரருக்கு என்ற வழக்கம் மட்டும் கெட்டியாக நின்றது.

அந்த ஒரு வழக்கம் எத்தனை லட்சம் பேரின் வாழ்க்கையைக் கட்டிப்போட்டது என்பதை 1891ல் கலெக்டர் டிரெமென்ஹீர் ஓர் அறிக்கையில் எழுதினார். செங்கல்பட்டு மாவட்டப் பறையர் மக்களைப் பற்றிய அறிக்கை அது. தரிசு நிலத்தைக் கேட்டு ஒரு பறையர் தர்க்காஸ்து என்ற மனு போட்டால் மிராசுதாரர் குறுக்கே வந்து எனக்கே வேண்டும் என்பார், வாங்கிப் போட்டும் உழமாட்டார். குடிசை நிற்கும் சேரி மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய் என்று சொல்ல முடியும். நிலம் கொடுங்கள், மனைக்கு உரிமை கொடுங்கள், பள்ளிக்கூடம் கொடுங்கள் என்று கேட்டார். 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். 10 வருடத்துக்கு விற்கக் கூடாது, அப்புறமும் அந்த மக்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' இதழைத் தொடங்கியதையும், 1930ல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனதையும் இந்த மண்ணோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1929 பிப்ரவரியில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு செங்கல்பட்டில் நடந்து, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுங்கள், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கொடுங்கள் என்று தீர்மானம் போட்டதும் இதே ஊரில்தான்.

பஞ்சமி நிலம் என்ன ஆயிற்று என்றால், கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறிக் கைமாறி, கடைசியில் மனைப்பிரிவாகப் பல இடங்களில் போய்விட்டது. 1994ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போய், அங்கே வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டு, அதைக் கேட்டு அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு பேர் செத்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குப் பஸ் ஓடாததால் ஊருக்கு நடந்தே வந்தோம். இந்தப் பக்கத்தில் மனை வாங்கும் யாராக இருந்தாலும் பழைய ஆவணத்தில் பஞ்சமி, டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வருகிறதா என்று பாருங்கள் என்று நான் சொல்வது சட்டச் சிக்கலுக்காக மட்டும் இல்லை, அது யாருக்காகக் கொடுத்த நிலம் என்று தெரிந்துகொள்வதற்காகவும்தான்.

இதற்கிடையில் நகரம் ஏரிகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. 1872ல் கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரத்துக்கும், அங்கிருந்து புழல் என்ற செங்குன்றம் ஏரிக்கும், அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்கும் தண்ணீர் கொண்டுபோனார்கள். வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்த ஊர் ஏரிகள் அப்படித்தான் நகரத்தின் குடிநீர்த் தொட்டிகள் ஆயின. 1944ல் பூண்டி, பின்னால் செம்பரம்பாக்கம். தண்ணீரை எடுத்தது ஒருபக்கம், ஏரியையே எடுத்தது இன்னொரு பக்கம். 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் போட்டார்கள், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. சைதாப்பேட்டையில் 1865ல் தொடங்கிய சர்க்கார் பண்ணை, விவசாயப் பள்ளிக்கூடமாக வளர்ந்து அப்புறம் கோயம்புத்தூருக்குப் போனது. சைதாப்பேட்டையில் பண்ணை இருந்தது என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? 1859லிருந்து 1968 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகமே சைதாப்பேட்டையில்தான் இருந்தது, அப்புறம் காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997ல் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஓரத்து ஊர்கள் பல உள்ளே போயின. செங்கல்பட்டு என்ற பெயரில் மறுபடி ஒரு மாவட்டம் வந்தது 2019 நவம்பரில்.

தொழிற்சாலைக் காலம் உங்களுக்கே தெரிந்திருக்கும், 1990களில் மறைமலைநகரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் தொழிற்சாலைகள், அப்புறம் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினிக் கம்பெனிகள், அதை ஒட்டி மனைப்பிரிவு. வேலை வந்தது, அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அதில்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் கலங்கலுக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் இருந்த கால்வாய்களை வரைபடத்தில் கோடாகக்கூட யாரும் பார்க்கவில்லை. நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைக்காரர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தாழ்ந்த இடங்களில் கொண்டுவந்து வைத்தார்கள், ஒவ்வொரு பெருமழையிலும் தண்ணீர் முதலில் அவர்கள் வாசலுக்குத்தான் வருகிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரை என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் தண்ணீர் மட்டும் இல்லை, அடையாற்றுக்கு வடியும் தாம்பரம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் எல்லாவற்றின் தண்ணீரும் இருந்தது. 2022ல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்துக்காரர்கள் நடத்திய போராட்டத்திலும் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஏரிகளையும், பாலாற்றுத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர் வரை கொண்டுபோகும் கம்பன் கால்வாயையும்தான்.

இனி உங்கள் பத்திரம். ஏரி உள்வாய் என்றால் கரைக்கு உட்பக்கம் தண்ணீர் நிற்கும் பரப்பு. எல்லை விவரத்தில் 'ஏரி உள்வாய்க்கு மேற்கு' என்று வந்தால் உங்கள் மனை தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது, சர்வே எண்ணே உள்வாயில் வந்தால் அது மனையாகவே இருக்க முடியாது, உடனே வக்கீலைப் பாருங்கள். மேய்க்கால் என்பது ஊர் மாடுகள் மேய விட்ட பொது நிலம். நத்தம் ஊர்க் குடியிருப்பு. களம், சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் இதேபோலப் புறம்போக்கில் வரும். தாலுகா அலுவலகத்தில் சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் கேட்டு வாங்கி, உங்கள் எண்ணைச் சுற்றி நீலக்கோடு எங்கே போகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், வருகிற கார்த்திகையில் இரண்டு நாள் மழை விட்டதும் உங்கள் ஊர் ஏரிக்கரை மேல் ஒரு நடை நடந்து பாருங்கள். கலங்கல் கரையின் ஏதாவது ஒரு முனையில் இருக்கும், கருங்கல் கட்டியிருப்பார்கள், அதில் நட்டுக்குத்தலாகச் சில கல் நிற்கும், பலகையும் மண்ணும் வைத்து நீர்மட்டத்தை உயர்த்த வைத்தவை. வழிந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கூடவே நடந்தால் ஒன்று அடுத்த ஏரிக்குப் போய்ச் சேர்வீர்கள், இல்லை ஒரு மதில் சுவரில் முட்டி நிற்பீர்கள். சுவரில் முட்டினால், பக்கத்தில் மாடு மேய்க்கும் பெரியவர் யாராவது இருப்பார், அவரைக் கேளுங்கள். முன்னால் அது எந்த வழியாகப் போனது என்று கையை நீட்டிக் காட்டுவார்.